குறிஞ்சிப் படங்களைத் தொலைத்தவன் சொல்லும் கணினிப் பாடம்

2018இல் கொடைக்கானல் மலையில் நீலக்குறிஞ்சி பூத்தபோது நான் எடுத்த படங்களில் ஒன்றுகூட இன்று என்னிடம் இல்லை. கணினி பழுதாகவில்லை, வைரஸும் வரவில்லை. மழை விடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் 'ஒழுங்குபடுத்தினேன்', அவ்வளவுதான். டெஸ்க்டாப்பில் படங்களின் கோப்புறை கண்ணுக்குத் தெரிந்ததால், பென் டிரைவில் இருந்ததை அழித்துவிட்டேன். டெஸ்க்டாப்பில் இருந்தது வெறும் ஷார்ட்கட், அசல் கோப்புறைக்கு வழிகாட்டும் சுட்டி மட்டுமே. பென் டிரைவில் அழித்தது, அழித்தவற்றை மீட்க உதவும் ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. குறிஞ்சி இனி 2030இல்தான் பூக்கும்.

ஆகவே விண்டோஸ் கணினியை இப்போதுதான் கையாளத் தொடங்கியிருப்பவர்களுக்கு, நான் தடுக்கி விழுந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் படி: எதையும் அழிக்காதீர்கள்

விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு ஆங்கில 'இ' எழுத்தைத் தட்டினால் கோப்புகளின் சாளரம் திறக்கும். கோப்பைக் குறிக்கும் ஐகானின் இடது மூலையில் சின்ன வளைந்த அம்பு இருந்தால் அது ஷார்ட்கட். வீட்டின் முகவரிச் சீட்டு அது, வீடு அல்ல.

முக்கியமான கோப்புறையின் மேல் வலது பொத்தானை அழுத்தி, 'காப்பி' கொடுத்து, வெளியிலிருந்து இணைக்கும் ஹார்ட் டிஸ்கில் 'பேஸ்ட்' செய்யுங்கள். 'கட்' வேண்டாம். முடிந்ததும் இரண்டு கோப்புறைகளிலும் வலது பொத்தானை அழுத்தி 'பிராப்பர்ட்டீஸ்' பாருங்கள். கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். 412 இருந்த இடத்தில் 409 வந்திருந்தால் எங்கோ இடறியிருக்கிறது. இந்த ஒரு நிமிடச் சோதனையை யாரும் செய்வதில்லை, நானும் செய்யவில்லை.

ஹார்ட் டிஸ்கைப் பிடுங்கும் முன் 'இஜெக்ட்' கொடுங்கள். நம் ஊர் ஈரத்தில் அலமாரித் துணியே பூசணம் பிடிக்கும். ஹார்ட் டிஸ்கைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள்.

இரண்டாம் படி: பெயர்

கோப்புறைகள் நான்கைந்து போதும்: படங்கள், வீட்டுக் கணக்கு, பிள்ளைகள் படிப்பு, அரசுச் சான்றுகள். தமிழிலேயே பெயர் வைக்கலாம். தேதியை 12/9/2018 என்று எழுதினால் விண்டோஸ் ஏற்காது. சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி எல்லாம் கோப்புப் பெயரில் வரக் கூடாதவை. '2018-09-12 குறிஞ்சி' என்று ஆண்டை முன்னால் வையுங்கள், கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். 'புதியது', 'கடைசி', 'கடைசியிலும் கடைசி' என்று பெயர் வைப்பவர்களை நான் திருத்த முயன்று தோற்றிருக்கிறேன்.

மூன்றாம் படி: நிரல்களை நீக்குவது

பூம்பாறையில் பூண்டு பயிரிடும் அக்கா ஒருவர் ஒருநாள் கேட்டார்: "பத்து ஐகானை அழித்துவிட்டேன் தம்பி, இடம் கொஞ்சமும் கூடவில்லையே?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தவறும் அதேதான், திசை மட்டும் வேறு. ஐகானை அழித்தால் ஷார்ட்கட்தான் போகும், நிரல் உள்ளேயே இருக்கும்.

விண்டோஸ் 11இல் 'செட்டிங்ஸ்', பிறகு 'ஆப்ஸ்', அதில் 'இன்ஸ்டால்டு ஆப்ஸ்' என்று போங்கள். பட்டியலை அளவு வாரியாக அடுக்கலாம். வேண்டாத நிரலுக்கு நேரே உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டி 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். நீங்கள் போட்டதாக நினைவிருப்பவற்றை மட்டும் நீக்குங்கள். 'மைக்ரோசாப்ட் விஷுவல் சி பிளஸ் பிளஸ்' என்று நாலைந்து வரிகள் தென்படும். யாருக்கு இதெல்லாம் என்று தோன்றும். மற்ற நிரல்கள் அவற்றை நம்பித்தான் ஓடுகின்றன, விட்டுவிடுங்கள்.

இடம் இன்னும் போதவில்லை என்றால் 'டவுன்லோட்ஸ்' கோப்புறையை அளவு வாரியாக அடுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் குவிந்திருக்கும்.

கணினி திறக்க நேரமாகிறதா? கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி 'டாஸ்க் மேனேஜர்' திறந்து, 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' பகுதியில் தேவையற்றதை 'டிசேபிள்' செய்யுங்கள். இதனால் நிரல் அழியாது, கணினி திறந்ததும் தானாக எழுந்து ஓடாது. ஆன்டிவைரஸைத் தொடாதீர்கள்.

மின்சாரம்

கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் எங்கள் மலையில் மரங்கள் சாய்ந்ததை மறக்க முடியாது. ஆனால் மின்சாரம் போக அவ்வளவு பெரிய காற்று தேவையில்லை, ஐப்பசி மழைக்கே போகும். எழுதிக்கொண்டிருக்கும்போது கண்ட்ரோலும் ஆங்கில 'எஸ்' எழுத்தும் சேர்த்து அடிக்கடி அழுத்துங்கள். 'வேர்டு' தானாகப் பிரதி எடுத்து வைப்பது, நாம் மாற்றாதவரை, 10 நிமிடங்களுக்கு ஒரு முறைதான். மேசைக் கணினிக்கு, மின்சாரம் போனால் சிறிது நேரம் தாங்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள். அது 'பீப்' என்று கத்தத் தொடங்கினால் சேமித்துவிட்டுக் கணினியை நிறுத்திவிடுங்கள். அந்த நேரத்தில் கோப்புகளை நகர்த்திக்கொண்டிருக்காதீர்கள்.