நாய்க்கு மூட்டு சப்ளிமெண்ட்: டப்பாவின் பின்பக்கத்தைப் படித்து வாங்குவது எப்படி?

பெட் ஷாப்பில் போய் "நாய்க்கு மூட்டுக்கு ஏதாவது குடுங்க" என்று கேட்டால், பெரும்பாலும் குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் (இரண்டும் மூட்டுக் குருத்தெலும்பில் இருக்கும் பொருட்கள்) கலந்த டப்பாதான் கைக்கு வரும். எங்கள் லேப்ரடார் புரூனோவுக்கு இடுப்பு மூட்டுத் தேய்மானம் என்று எக்ஸ்ரேயில் தெரிந்ததும், அந்த டப்பாவை வாங்கலாமா என்று படிக்க உட்கார்ந்து, கடைசியில் மீன் எண்ணெயில் வந்து நின்றேன். ஏன் அது, எப்படிப் பார்த்து வாங்குவது, எவ்வளவு கொடுப்பது என்று இங்கே எழுதுகிறேன். மாத்திரையை எப்படி விழுங்க வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

படி 1: டாக்டர்

நொண்டுகிற நாய்க்கெல்லாம் மூட்டுத் தேய்மானம் கிடையாது. நம்ம ஊரில் உண்ணிக் காய்ச்சல் வந்தாலே மூட்டு வீங்கி நொண்டும். முழங்கால் ஜவ்வு கிழிந்திருக்கலாம். வயதான பெரிய ஜாதி நாய் என்றால் எலும்புப் புற்றுநோயாகவும் இருக்கலாம். இவை எதற்கும் சப்ளிமெண்ட் மருந்தாகாது. எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிட்டு அடுத்த படிக்கு வாருங்கள். அதுவரை வலி தாங்காதே என்று வீட்டில் இருக்கும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக், பாராசிட்டமால் எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். குடல் புண், சிறுநீரகப் பாதிப்பு, ஈரல் பாதிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

படி 2: எடை

இதற்குக் காசே வேண்டாம், ஆனால் பலன் பெரிது. அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை வைத்து ஆயுள் முழுக்க நடத்திய ஒரு ஆய்வு 2002-ல் வெளியானது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததைவிட இன்னொன்றுக்கு 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு போட்டார்கள். குறைவாகச் சாப்பிட்ட நாய்களுக்கு மூட்டுத் தேய்மானம் தள்ளிப்போனது. இடைநிலை ஆயுளும் (பாதி நாய்கள் தாண்டிய வயது) 11.2 வருடத்திலிருந்து 13 வருடமாகக் கூடியது.

விலாவைத் தடவினால் அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லையென்றால் தயிர்சாதத்தையும் பிஸ்கட்டையும் குறைப்பதுதான் முதல் வைத்தியம்.

படி 3: எந்தப் பொருள்?

மூட்டுத் தேய்மானம் உள்ள நாய், பூனைகளுக்குச் சப்ளிமெண்ட் கொடுத்துச் செய்த ஆய்வுகளையெல்லாம் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் தொகுத்து 2022-ல் வெளியிட்டார்கள். வலியைக் குறைப்பதில் மீன் எண்ணெயில் இருக்கும் ஒமேகா-3 என்ற கொழுப்பு தெளிவாகப் பலன் தந்தது. கொலாஜன் அதைவிடக் கீழே. குளுக்கோசமைன்-காண்ட்ராய்ட்டின் கலவையில் பலன் தெரியவில்லை. வலிக்காக அதை இனிப் பரிந்துரைக்கவே வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள்.

உங்கள் டாக்டர் குளுக்கோசமைன் எழுதியிருந்தால் அவரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். என்னைக் கேட்டால், மாதாமாதம் அதற்குப் போகும் பணத்தை நல்ல மீன் எண்ணெயில் போடுவேன்.

படி 4: லேபிள் கணக்கு

நான் அதிக நேரம் செலவழித்தது இந்தப் படியில்தான், கடையில் ஒருவரும் இதைச் சொல்லித் தருவதில்லை. டப்பாவின் முன்பக்கம் "ஃபிஷ் ஆயில் 1000 மி.கி." என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அது எண்ணெயின் எடை மட்டும்தான். மூட்டுக்கு வேலை செய்வது அந்த எண்ணெய்க்குள் இருக்கும் இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. என்ற இரண்டு ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள். டப்பாவைத் திருப்புங்கள். சாதாரண கேப்சூலில் இ.பி.ஏ. 180 மி.கி., டி.ஹெச்.ஏ. 120 மி.கி. என்று சின்ன எழுத்தில் இருக்கும். கூட்டினால் 300. நமக்கு வேண்டிய எண் இந்த 300தான், 1000 இல்லை.

இனி நாயின் எடைக்கு வருவோம். மூட்டுத் தேய்மானத்துக்குக் கிலோவுக்கு ஏறத்தாழ 100 மி.கி. (இரண்டும் சேர்த்து) என்பது எளிய கணக்கு. 30 கிலோ நாய்க்கு 3000 மி.கி. சாதாரண கேப்சூல் என்றால் தினம் 10. ஒரு கேப்சூலில் 600 மி.கி. இருக்கும் அடர்த்தியான ரகம் என்றால் 5 போதும். ஆகவே, விலை பார்க்கும்போது டப்பா விலையை விட்டுவிட்டு ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது என்று போட்டுப் பாருங்கள். விலை கூடிய டப்பா பல நேரம் மலிவாக முடியும். உச்ச வரம்பும் உண்டு. 30 கிலோ நாய்க்குச் சுமார் 4700 மி.கி., 10 கிலோ நாய்க்குச் சுமார் 2000. அதைத் தாண்டக் கூடாது.

இன்னொரு இடமும் கவனிக்க வேண்டும். சில டப்பாக்களில் அளவு "ஒரு சர்விங்குக்கு" என்று இருக்கும். சர்விங் என்றால் இரண்டு கேப்சூல் என்பது வேறு மூலையில் இருக்கும். "ஒமேகா 3-6-9" என்று போட்டதைத் தொடாதீர்கள். 6, 9 இரண்டும் சாப்பாட்டிலேயே தாராளமாகக் கிடைக்கின்றன.

முழு அளவை முதல் நாளே கொடுத்தால் வயிற்றுப்போக்கு வரலாம். கால் பங்கில் ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றுங்கள். 10 கேப்சூல் என்றால் 90 கலோரி, அதைச் சாப்பாட்டில் கழித்துவிடுங்கள். கணையப் பிரச்சினை வந்த நாய், சீக்கிரம் ஆபரேஷன் செய்யப்போகும் நாய் என்றால் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

பம்ப் வைத்த பாட்டிலைவிட எனக்குக் கேப்சூல்தான் பிடிக்கும். பாட்டிலைத் திறந்தால் ஒவ்வொரு தடவையும் காற்றுப் படும், நம்ம வெயிலில் எண்ணெய் சீக்கிரம் காறிவிடும். வாங்கியதும் ஒரு கேப்சூலை வெட்டி முகர்ந்து பாருங்கள். லேசான மீன் வாடை சரி. பெயின்ட் போல மூக்கில் ஏறினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சின்ன டப்பாவாக வாங்கி ஃபிரிட்ஜில் வையுங்கள். மனிதர்களுக்கான கம்மி (gummy, ஜெல்லி மிட்டாய் மாதிரி இருப்பது), மெல்லும் மாத்திரை வகைகள் வேண்டாம். சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம்.

படி 5: வீடியோ

தொடங்கும் முன்பே ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். தூங்கி எழுந்ததும் வைக்கும் முதல் சில அடிகள், பக்கவாட்டில் இருந்து, ஒரே இடம். இரண்டு மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் இன்னொன்று. காசு செலவழித்து, ஆசையோடு பார்க்கிற கண்ணுக்கு எல்லாமே முன்னேற்றமாகத்தான் தெரியும். புரூனோ பின்னங்காலைத் தரையில் தேய்ப்பது குறைந்திருந்ததை நான் நம்பியது இரண்டு வீடியோவையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்த பிறகுதான்.

டாக்டர் கொடுத்த வலி மருந்தை இதை நம்பி நிறுத்திவிடாதீர்கள். குறைப்பதானால் அவர்தான் குறைக்க வேண்டும்.

பின்சேர்க்கை: கமெண்ட்டில் கேட்டவை

காட் லிவர் ஆயில் கொடுக்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது மீன் ஈரல் எண்ணெய். மேலே சொன்ன அளவுக்குக் கொடுத்தால் வைட்டமின் ஏ-யும் டி-யும் அளவு மீறிச் சேரும்.

சைவ வீடுகளுக்கு: ஆளிவிதை எண்ணெயில் இருப்பது வேறு வகை ஒமேகா-3. நாயின் உடம்பு அதை இ.பி.ஏ.-வாக மாற்றுவது மிகக் குறைவு. கடல்பாசி எண்ணெய் கேப்சூல் கிடைக்கிறது, விலை கூடுதல், ஆனால் வேலை செய்கிற பொருள் அதில் நேரடியாக இருக்கிறது. கணக்கு அதே கணக்குதான்.

மத்தி மீன் தாராளமாகப் போடலாம். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்துக் கொடுங்கள். 100 கிராமில் இ.பி.ஏ.-யும் டி.ஹெச்.ஏ.-யும் சேர்த்து ஏறத்தாழ ஒரு கிராம் கிடைக்கும், பருவத்துக்குப் பருவம் மாறும். மீன் போடும் நாளில் கேப்சூலைக் குறைத்துக்கொள்ளலாம். கருவாடு மட்டும் வேண்டாம், உப்பு அதிகம்.

கடைசியாக, பெரிய ஜாதிக் குட்டி வளர்ப்பவர்களுக்கு. மூட்டு பலமாகட்டும் என்று கால்சியம் சிரப் ஊற்றுகிறோம் என்று நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். குட்டிகளுக்கான நல்ல தீவனம் போடுகிறீர்கள் என்றால் அதை இன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். சின்னக் குட்டியின் குடலுக்குக் கூடுதல் கால்சியத்தைத் தடுக்கும் சக்தி இல்லை. உள்ளே போவது உடம்பில் சேர்ந்து, எலும்பும் மூட்டும் கோணலாக வளரக் காரணமாகும்.