ஜெராக்ஸ் கடைக்காரி சொல்றேன், ஆதாரை இப்படிக் கொடுங்க

அல்சூர் பஜார் தெருவுல ஜெராக்ஸ், பிரிண்ட்அவுட், ரென்டல் அக்ரிமென்ட்னு சின்னதா கடை வச்சிருக்கேன். வேலைக்காக பெங்களூர் வர்ற நம்ம ஊர்ப் பசங்க பி.ஜி.க்கு, வீட்டு ஓனருக்கு, புது சிம்முக்குன்னு ஆதாரைத் தூக்கிட்டு வர்றது என்கிட்டதான். திருடன்னா பெரிய ஹேக்கரா இருப்பான்னு நினைக்கிறாங்க. உங்க பேர்ல கடன் வாங்கப் பார்க்கிறவனுக்கு அவ்வளவு படிப்பு வேண்டாம். ஆதார், பான், போட்டோ, மொபைல் நம்பர் நாலும் ஒரே கவர்ல கிடைச்சா பாதி வேலை முடிஞ்சுது. அந்தக் கவர் எங்கள மாதிரி கடையிலதான் தயாராகுது.

அதனால கடையிலிருந்தே ஆரம்பிங்க. நீங்க வாட்ஸ்அப்ல அனுப்புற பிடிஎஃப்பை நான் டவுன்லோட் பண்ணித்தான் பிரிண்ட் எடுப்பேன். அப்புறம் நீங்க சாட்டை 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்' பண்ணினாலும் என் கம்ப்யூட்டர்ல ஃபைல் அப்படியே கிடக்கும். கவுன்டர்ல நிக்கும்போதே, "அக்கா, டவுன்லோட்ஸ்ல இருந்தும் ரீசைக்கிள் பின்ல இருந்தும் எடுத்துருங்க"ன்னு சொல்லுங்க. கோவிச்சுக்கிற கடைக்காரர்கிட்ட மறுபடி போகாதீங்க. கடை கம்ப்யூட்டர்ல உங்க இமெயிலைத் திறக்கவே வேண்டாம். மை சரியா விழாம வீணாப்போன காப்பியையும் கேட்டு வாங்கிக்கோங்க. கடலை மடிக்கிற பேப்பர் எங்கிருந்து வருதுன்னு நினைச்சீங்க?

அடுத்தது மாஸ்க்டு ஆதார். ஆதார் கொடுக்கிற அரசு அமைப்பான யூஐடிஏஐ வெப்சைட்டுல ஆதார் டவுன்லோட் பண்ணும்போது இதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கும், டிக் பண்ணினா முதல் 8 எண் மறைஞ்சு கடைசி 4 மட்டும் தெரியும். 2022 மே மாசம் யூஐடிஏஐயோட பெங்களூர் ஆபீஸே, ஆதார் ஜெராக்ஸை கண்ட இடத்துல கொடுக்காதீங்க, மாஸ்க்டு கொடுங்கன்னு அறிக்கை விட்டுச்சு. ரெண்டே நாள்ல, ஜனங்க தப்பா புரிஞ்சுக்குவாங்கன்னு அதை வாபஸ் வாங்கிட்டாங்க. வாபஸ் வாங்கினாலும் யோசனை நல்ல யோசனைதான். பி.ஜி. ஓனர் முழு நம்பர்தான் வேணும்னு அடம்பிடிச்சா, காப்பி மேல குறுக்கால பேனாவுல எழுதுங்க: 'வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்', தேதி, கையெழுத்து. போட்டோ மேலயும் கொஞ்சம் ஏறணும், ஓரமா எழுதினா வெட்டிட்டு காப்பி எடுத்துருவான். போன்ல அனுப்புறதா இருந்தா படத்து மேலயே எழுதி அனுப்புங்க. இன்னொண்ணு, அந்த பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு பேரோட முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும்தான். பாஸ்வேர்டு இருக்கேன்னு நிம்மதியா ஃபார்வர்ட் பண்ணாதீங்க.

ஊர்ல இருக்கிற அப்பா அம்மாவுக்கு ரொம்ப முக்கியம் கைரேகை. ஆதார் வழியா பணம் எடுக்கிற ஏஇபிஎஸ்ல ஓடிபி கிடையாது. ஆதார் நம்பர், பேங்க் பேர், விரல், இது போதும். பத்திரப்பதிவுல வச்ச ரேகையை நகலெடுத்து சிலிக்கோன் ரப்பர்ல விரல் செஞ்சு பணம் எடுத்த கேஸெல்லாம் நாட்டுல நடந்திருக்கு. யூஐடிஏஐயோட ஆதார் ஆப்புல 'பயோமெட்ரிக் லாக்' போட்டுட்டா விரல் வேலை செய்யாது, ஓடிபி வழக்கம்போல வரும். ரேஷன் கடையில விரல் வைக்கிற அன்னைக்கு மட்டும் திறந்துக்கலாம். இதுக்கு ஆதாரோட மொபைல் நம்பர் லிங்க் ஆகியிருக்கணும். பழைய நம்பரை விட்டுட்டு இங்க வந்து புது நம்பர் வாங்கினவங்க, முதல்ல ஆதார் சேவா கேந்திராவுல அதை மாத்துங்க.

சிம் வாங்கும்போது "மேட்ச் ஆகல, இன்னொரு தடவை விரல் வைங்க, இன்னொரு போட்டோ"ன்னு சொன்னா உஷார். அந்த ரெண்டாவது தடவையில உங்க பேர்ல இன்னொரு சிம் போயிடலாம். அரசோட சஞ்சார் சாத்தி வெப்சைட்டுல உங்க பேர்ல எத்தனை நம்பர் ஓடுதுன்னு பார்க்கலாம், உங்களுது இல்லாததை அங்கேயே புகார் பண்ணலாம். திடீர்னு சிக்னல் செத்துப்போய் திரும்ப வரவே இல்லைன்னா, வேற போன்ல இருந்து சிம் கம்பெனிக்குக் கூப்பிட்டுக் கேளுங்க. உங்க நம்பர் வேற சிம்முக்குப் போயிருக்கலாம்.

உங்க பான் நம்பரை வச்சு யாராவது கடன் வாங்கியிருக்காங்களான்னு தெரிஞ்சுக்க வழி இருக்கு. எல்லாரோட கடன் விவரத்தையும் பதிஞ்சு வைக்கிற கம்பெனிங்க சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் நாலும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாத் தரணும். நாலையும் ஒரே நாள்ல எடுக்காம மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு எடுங்க. கடன் பட்டியல்ல மட்டும் இல்ல, உங்க பேர்ல கடன் கேட்டு வந்தப்போ யார் யார் ரிப்போர்ட்டைப் பார்த்தாங்கன்னு காட்டுற 'என்கொயரி' பகுதியிலயும் தெரியாத பேர் இருக்கான்னு பாருங்க.

பணம் போயிருச்சுன்னா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்குக் கூப்பிடுங்க. அப்புறம் சைபர் கிரைம் வெப்சைட்டுல புகார், பேங்குக்குத் தகவல். தப்பு உங்க மேலயும் பேங்க் மேலயும் இல்லாத மோசடின்னா, 3 வேலை நாளுக்குள்ள சொன்னவங்களுக்கு நஷ்டம் வரக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2017லயே விதி போட்டுச்சு. போன்ல சொன்னதோட விடாம புகார் எண்ணைப் போட்டு பேங்குக்கு ஒரு மெயிலும் தட்டுங்க. தேதியும் நேரமும் அதுல பதிவாயிரும், அப்புறம் யாரும் "லேட்டா சொன்னீங்க"ன்னு தட்டிக்கழிக்க முடியாது.