கிளாரினெட்டுக்கு மவுத்பீஸ் வாங்கப் போகிறீர்களா? ரீடையும் எடுத்துக்கொண்டு போங்கள்

கிளாரினெட்டில் சத்தம் சன்னமாக வருகிறது, மேல் ஸ்தாயி போனாலே கீச்சிடுகிறது, வேறு வாத்தியம் வாங்கிவிடலாமா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். அவசரப்படாதீர்கள். முதலில் துளைகளை மூடும் பேடுகள் ஒழுங்காக மூடுகின்றனவா என்று பாருங்கள், சென்னை ஈரக்காற்றில் அவை உப்பிக்கொள்ளும். அது சரியாக இருந்தால் அடுத்து சந்தேகப்பட வேண்டியது வாயில் வைத்து ஊதும் மவுத்பீஸைத்தான். விலை குறைந்த வாத்தியத்தோடு பெட்டியில் சேர்ந்து வரும் பிளாஸ்டிக் மவுத்பீஸை மாற்றியதுமே அதே கிளாரினெட் வேறு மாதிரி ஒலிப்பதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன். ஆனால் யாரோ சொன்ன பெயரைக் கேட்டு வாங்கிவந்தால் பணம் வீணாகவும் வாய்ப்பு உண்டு. எந்த ரீடு (மவுத்பீஸில் கட்டும், ஊதினால் அதிரும் மெல்லிய தகடு), எந்தச் சங்கீதம், எந்த வாத்தியம் என்று தெரியாமல் எது நல்ல மவுத்பீஸ் என்று சொல்ல முடியாது.

அளவில் பார்க்க வேண்டியவை இரண்டு. ரீடின் நுனிக்கும் மவுத்பீஸின் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளி டிப் ஓப்பனிங். மவுத்பீஸ் ரீடை விட்டு வளைந்து விலகத் தொடங்கும் இடத்திலிருந்து நுனி வரையுள்ள நீளம் ஃபேசிங். ஆரம்ப மாணவர்கள் அதிகம் வாங்கும் யமஹா 4சி-யில் டிப் 1.05 மி.மீ., வாண்டோரன் கம்பெனியின் 5ஆர்வி லயரில் 1.09, எம்30-இல் 1.15, பி45-இல் 1.195. நான்குமே பெயர் பெற்றவை. 4சி-க்கும் பி45-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை ஜெராக்ஸ் தாளின் கனம்கூட இராது, ஆனால் உதட்டுக்கும் தாடைக்கும் அது உடனே தெரிந்துவிடும்.

ஏன் தெரிகிறது என்றால், ஒவ்வொரு அதிர்விலும் ரீடு அந்த இடைவெளியைத் தாண்டிப் போய் வர வேண்டும். இடைவெளி அகலமானால் ரீடு மெல்லியதாக இருக்க வேண்டும், கன எண் 2 அல்லது 2½. குறுகலானால் 3, 3½ என்று கனமான ரீடு தாங்கும். இதை மாற்றிச் செய்தால் இரண்டு விதமாகவும் அவதி. அகலமான டிப்பில் கனமான ரீடு போட்டால் பாதி மூச்சு காற்றாகவே சீறிக்கொண்டு போகும், தாடை வலிக்கும். குறுகலான டிப்பில் மெல்லிய ரீடு போட்டால் கொஞ்சம் அழுத்தி ஊதியதுமே ரீடு ஒட்டிக்கொண்டு ஸ்வரம் நின்றுவிடும். ஃபேசிங்கும் இப்படித்தான், நீளமானது கனமான ரீடைக் கேட்கும், குட்டையானது மெல்லியதை. அதனால் மவுத்பீஸை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ரீடையே போட்டு ஊதி, இது சரியில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு கம்பெனியின் 2½-ம் இன்னொரு கம்பெனியின் 2½-ம் ஒரே கனம் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அப்புறம், நீங்கள் வாசிப்பது என்ன? டிரினிட்டி என்ற மேல்நாட்டுச் சங்கீதத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் சர்ச்சில் பாடல்களுக்கு வாசிக்கிறவர்களுக்கும் ஸ்வரம் நகராமல் நிற்க வேண்டும், நாக்கால் தட்டினால் சுத்தமாகத் தொடங்க வேண்டும். டிப் 1.05-இலிருந்து 1.15-க்குள் எதுவும் அவர்களுக்கு ஒத்துவரும், புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்கு 4சி தாராளமாகப் போதும், அதற்கு மேல் செலவழிக்க அவசியம் இல்லை.

கர்நாடக சங்கீதத்துக்குக் கணக்கே வேறு. இங்கே ஸ்வரம் நிற்கவும் வேண்டும், அசையவும் வேண்டும். தோடி ராகத்தில் காந்தாரத்தை வெறும் விரலால் மட்டும் அசைத்தால் படி ஏறி இறங்குவது போலக் கேட்கும், உதடும் தாடையும் சேர்ந்து வளைத்தால்தான் குழைவு வரும். அப்படி வளைக்க ரீடு இடம் கொடுக்க வேண்டும், அதற்குக் கொஞ்சம் அகலமான டிப்பும் மெல்லிய ரீடும்தான் தோது. எனக்குக் கேட்டால், கர்நாடக சங்கீதம் கற்கிறவர்கள் டிப் 1.15-இலிருந்து 1.20 வரை உள்ள ஒன்றை 2 அல்லது 2½ ரீடோடு முயன்று பார்க்க வேண்டும். 2022-இல் பத்மஸ்ரீ பெற்ற திருச்சி ஏ.கே.சி. நடராஜன் வாசிப்பைக் கேளுங்கள், இந்த மேல்நாட்டு வாத்தியத்தில் நாகஸ்வரத்தின் குழைவு எவ்வளவு தூரம் வரும் என்பது தெரியும். அவர் போல வாசிக்க அவர் வைத்திருப்பதையே வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. எந்த நாதம் வேண்டும் என்று காதில் ஒரு தீர்மானம் இருந்தால்தான் கடையில் தேர்ந்தெடுக்க முடியும். டிப் அகலமாக அகலமாக சுருதி உங்கள் உதட்டின் பொறுப்பாகிவிடும். தினமும் தம்பூராவோடு நீள ஸ்வரம் ஊதிச் சாதகம் செய்யாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

வாத்தியத்தையும் பாருங்கள். இப்போது கடையில் கிடைக்கும் மவுத்பீஸ்கள் பெரும்பாலும் போம் சிஸ்டம் என்ற இன்றைய கீ அமைப்புள்ள பி ஃபிளாட் கிளாரினெட்டுக்குச் செய்தவை. ஆல்பர்ட் சிஸ்டம் என்ற பழைய கீ அமைப்புள்ள தாத்தா காலத்து வாத்தியம் கைக்கு வந்திருந்தால் கார்க் பொருந்துகிறதா என்பதோடு உள்துளை பொருந்துகிறதா என்றும் சோதிக்க வேண்டும், துளை அளவு மாறினால் சுருதி கலையும். பழைய பாண்டு வாத்தியங்களில் ஹெச்.பி. என்று முத்திரை இருந்தால் அது உயர்ந்த சுருதிக்காகச் செய்தது, எந்த மவுத்பீஸ் போட்டாலும் இன்றைய கீபோர்டோடு சேர்வது கஷ்டம். வாண்டோரனில் 13 சீரிஸ் என்று தனியாக வருவது 440 ஹெர்ட்ஸ் சுருதிக்கு, சாதாரண சீரிஸ் அதைவிடக் கொஞ்சம் தூக்கலாக நிற்கும். கீபோர்டோடு வாசிக்கிறவர்களுக்கு 13 நல்ல தேர்வு.

மவுத்பீஸ் உங்கள் வாத்தியத்தோடு சேர்கிறதா என்று சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். செல்போன் தம்பூராவை ஆறரைக் கட்டையில் (பி ஃபிளாட்) வையுங்கள். இடது கைக் கட்டைவிரலையும் மூன்று விரல்களையும் மூடி ஊதினால் அது ஷட்ஜம். விரலை எடுக்காமல் மேல் ஸ்தாயிக்குத் தாவ வைக்கும் ரிஜிஸ்டர் கீயை அழுத்தினால் மேல் ஸ்தாயி பஞ்சமம் வரும், கிளாரினெட் எட்டாவது ஸ்வரத்துக்குத் தாவாமல் பன்னிரண்டாவதுக்குத் தாவும் வாத்தியம். ஷட்ஜம் சேர்ந்து பஞ்சமம் சேரவில்லையென்றால், உங்கள் பழைய மவுத்பீஸில் அது சேர்ந்துகொண்டிருந்தது என்றால், புதியது உங்கள் வாத்தியத்துக்கு ஒத்துவரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்குப் போகும்போது, அது 1842-இல் தொடங்கிய, அண்ணா சாலையில் உள்ள மியூசி மியூசிகல் கடையாக இருந்தாலும் சரி, தெரிந்தவர் வீட்டில் செகண்ட் ஹேண்டாக இருந்தாலும் சரி, உங்கள் சொந்த வாத்தியம், ரீடை மவுத்பீஸோடு இறுக்கும் சொந்த லிகேச்சர், பழகிய ரீடுகள் வெவ்வேறு கனத்தில் இரண்டு மூன்று, எல்லாம் கையில் இருக்கட்டும். முதலில் மவுத்பீஸும் அதை அடுத்துச் செருகும் குட்டைக் குழாயான பேரலும் மட்டும் சேர்த்து ஊதுங்கள். நாலரைக் கட்டை (எஃப் ஷார்ப்) ஷட்ஜத்துக்குப் பக்கத்தில் ஸ்வரம் ஆடாமல் நிற்க வேண்டும். பிறகு ரீடு கட்டிய மவுத்பீஸின் அடித்துளையை உள்ளங்கையால் அடைத்துக் காற்றை உறிஞ்சி, வாயை எடுங்கள். ரீடு ஒரு நொடியாவது ஒட்டி நின்று 'டப்' என்று விட்டால் காற்று ஒழுகவில்லை. உடனே விட்டுவிட்டால் ரீடில் கோளாறா, மவுத்பீஸின் தட்டையான பரப்பில் கோளாறா என்று வேறு ரீடு போட்டுப் பாருங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் இன்னொன்றும் செய்யலாம். மைக்ராஸ்கோப் ஸ்லைடு ஒன்றை ரீடு இருக்கும் இடத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, மெல்லிய பஸ் டிக்கெட்டை நுனிப் பக்கத்திலிருந்து நேராக உள்ளே நழுவவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நின்றால் ஓரங்கள் சமம். சாய்ந்து நின்றால் ஒரு ஓரம் தேய்ந்திருக்கிறது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். நுனியில் நகத்தால் தடவிப் பாருங்கள், சின்னதாகப் பெயர்ந்திருந்தாலும் கீச்சிட வைக்கும்.

ஊதிப் பார்க்கும்போது நண்பர் ஒருவர் முதுகுப் பக்கம் உட்கார்ந்து கேட்கட்டும், எது எது என்று அவருக்குச் சொல்லாதீர்கள். உங்கள் காதுக்கு எலும்பு வழியாகவும் சத்தம் வருவதால் உள்ளே கேட்பதும் வெளியே கேட்பதும் வேறு. ஏ.சி. அறையில் ரீடு சீக்கிரம் காய்ந்துவிடும், அடிக்கடி நனைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் திருப்பித் தரலாம் என்ற பேச்சோடு வாங்கி, வீட்டு ஈரக்காற்றிலும் நாலு நாள் வாசித்துப் பாருங்கள், ஐப்பசி மழையில் ரீடு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

பொருளைப் பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கெட்டி ரப்பரான எபோனைட் வாங்குங்கள், போதும். மேல் பல் படும் இடத்தில் ஒரு ரப்பர் பேட்ச் ஒட்டிவிடுங்கள். வெயிலில் வைத்தால் எபோனைட் பச்சை பூத்து கந்தக வாடை அடிக்கும், வெந்நீர் பட்டாலும் அப்படித்தான். மே மாத மதியத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே கையைச் சுடும், அதில் கழுவாமல் குடத்துத் தண்ணீரில் அலசித் துணியால் துடைத்து வையுங்கள்.