எலக்ட்ரிக் ஸ்மோக்கரில் ஹீட்டிங் எலிமென்ட்டை மாற்றுவது: முதன்முறை செய்பவர்களுக்கு

வைத்த வெப்பநிலைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. காற்றடிக்கும் குளிர்நாளில் 110 டிகிரி செல்சியஸைத் தாண்டவே மாட்டேன் என்கிறது. கதவை ஒருமுறை திறந்துவிட்டால் திரும்பச் சூடேற அரை மணி நேரம். எலக்ட்ரிக் ஸ்மோக்கர் (இறைச்சியை மரப்புகையில் மெதுவாக வேகவைக்கும் மின்பெட்டி) வைத்திருப்பவர்கள் பெரிய எலிமென்ட்டை, அதாவது சூடேற்றும் பாகத்தை, தேடக் கிளம்புவது பெரும்பாலும் இவற்றில் ஏதாவது ஒன்றால்தான்.

எலிமென்ட்டைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது சின்ன வேலை. சுவர் சாக்கெட்டில் தொடங்கி பிளக், வயர், ரிலே (எலிமென்ட்டுக்குப் போகும் மின்சாரத்தைத் தானாகப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), பாதுகாப்பு சுவிட்ச், டெர்மினல் என்று மின்சாரம் போகிற வழி முழுக்கப் புதிய சுமையைத் தாங்குமா என்று பார்ப்பதில்தான் நேரம் போகும். போக வேண்டியதும் அங்கேதான்.

படி 1: குற்றவாளி எலிமென்ட்தானா?

பெரிய இறைச்சித் துண்டின் உள்வெப்பம் 65 முதல் 75 டிகிரிக்குள் எங்கோ வந்து மணிக்கணக்கில் அசையாமல் நிற்கும். இறைச்சியின் மேற்பரப்பில் ஈரம் ஆவியாகி, ஏறுகிற சூட்டை எடுத்துக்கொண்டு போவதால் வரும் நிலை இது. ஹீட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பெட்டிக்குள் இருக்கும் காற்றின் வெப்பம் ஏறவில்லை என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

ஸ்மோக்கரில் உள்ள டிஸ்ப்ளே காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். தனி தெர்மாமீட்டர் ஒன்றை நடுத்தட்டில் தொங்கவிட்டு, வெறும் பெட்டியை ஓடவிட்டுப் பாருங்கள். கதவு ரப்பர் நைந்து புகை ஓரங்களில் கசிகிறதா என்பதையும் கவனியுங்கள். ரப்பர் மாற்றினால் தீரக்கூடிய பிரச்சினைக்கு எலிமென்ட் மாற்றுவது வீண் செலவு.

அடுத்து எக்ஸ்டென்ஷன் கார்டு. மெல்லிய, நீளமான கார்டில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெப்பம் 10 சதவீதம் மட்டும் குறையாது, 19 சதவீதம் குறையும். வாட் என்பது வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. நேரடியாகச் சுவர் சாக்கெட்டில் மாட்டியே நிலைமை சரியாகிவிட்டவர்களும் உண்டு.

கடைசியாக, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எலிமென்ட்டில் இருக்கும் இரண்டு வயர்களையும் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து இரண்டு முனைகளுக்கும் இடையே அளவெடுங்கள். 230 வோல்ட்டில் ஓடும் 800 வாட் எலிமென்ட் சுமார் 66 ஓம் காட்டும். 120 வோல்ட் என்றால் 18 ஓம். உள்ளே இருப்பது நிக்ரோம் கம்பி. சூடானாலும் அதன் ரெசிஸ்டன்ஸ் பெரிதாக மாறாது என்பதால் குளிர்ந்த நிலையில் எடுத்த அளவே போதும். மீட்டர் எதுவும் காட்டவில்லை என்றால் கம்பி அறுந்துவிட்டது.

படி 2: எத்தனை வாட்?

வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 800 வாட்டிலிருந்து 1200க்குப் போனால் 230 வோல்ட்டில் கரண்ட் 3.5 ஆம்பியரிலிருந்து 5.2 ஆகும். 120 வோல்ட்டில் அது 6.7லிருந்து 10 ஆம்பியர். 1500 வாட் என்றால் 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர். ஸ்மோக்கர் மணிக்கணக்கில் ஓடும் சாதனம் என்பதால் பிரேக்கர் அளவில் 80 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. 15 ஆம்பியர் பிரேக்கருக்கு அது 12 ஆம்பியர். ஆக, 120 வோல்ட் இணைப்பில் 1500 வாட் வைக்க ஆசைப்படுபவர்கள் அங்கேயே நின்றுகொள்ளலாம்.

என்னைக் கேட்டால், பழையதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போக வேண்டியதில்லை. இந்த மாற்றம் ஸ்மோக்கரைச் சீக்கிரம் சூடாக்கத்தான். தயாரிப்பாளர் சொன்ன உச்ச வெப்பநிலையைத் தாண்ட இதைப் பயன்படுத்தாதீர்கள். உள்சுவர் இன்சுலேஷன், கதவு ரப்பர், சென்சார் வயர் எல்லாம் அந்த உச்சத்துக்காகச் செய்யப்பட்டவை.

வாங்கும்போது வோல்டேஜை இருமுறை பாருங்கள். 240 வோல்ட்டுக்கான எலிமென்ட்டை 120இல் மாட்டினால் கால்பங்கு வெப்பம்தான் வரும். தலைகீழாக மாட்டினால் நான்கு மடங்கு வந்து எரிந்துபோகும். வளைவின் அகலம், திருகு துளைகளுக்கு இடையே உள்ள தூரம், டெர்மினல் நீளம் மூன்றையும் பழையதை அளந்து ஒப்பிடுங்கள். மரச்சில்லு தட்டுக்கும் எலிமென்ட்டுக்கும் நடுவே முன்பு எவ்வளவு இடைவெளி இருந்ததோ, அதே இடைவெளி புதியதிலும் இருக்க வேண்டும்.

படி 3: வழியில் இருப்பவை

பலர் தவிர்த்துவிட்டுப் பின்னால் வருந்தும் பகுதி இது.

முதலில் வயர். எலிமென்ட்டுக்கு அருகே சாதாரண பிவிசி வயர் கூடாது, உருகிவிடும். சிலிகான் உறை போட்ட வயர் சுமார் 180 டிகிரி வரை தாங்கும். டெர்மினலை ஒட்டி இன்னும் சூடான இடம் இருந்தால் கண்ணாடியிழை உறை போட்டது நல்லது.

அடுத்து டெர்மினல். வாகனங்களுக்கு விற்கும் பிளாஸ்டிக் உறை போட்ட, தகரம் பூசிய கிளிப்புகள் வேண்டாம். நிக்கல் பூசிய ஸ்டீல் டெர்மினல்களை நல்ல கிரிம்ப் பிளையரால் அழுத்திப் பொருத்துங்கள். சால்டர் வைக்கவே வைக்காதீர்கள். சாதாரண ஈய சால்டர் 183 டிகிரியிலேயே உருக ஆரம்பிக்கும். புகையில் இருக்கும் ஈரமும் அமிலமும் டெர்மினலை அரித்துத் தளர்த்தும். தளர்ந்த இடம் சூடாகும், சூடான இடம் இன்னும் தளரும். ஸ்மோக்கரின் பின்பக்கம் கருகிப்போன பல சம்பவங்களுக்கு ஆரம்பம் இந்தச் சின்ன கிளிப்தான்.

பிறகு ரிலே. கன்ட்ரோல் போர்டில் இருக்கும் சின்ன கறுப்புப் பெட்டியின் மேல் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். 10 ஆம்பியர் ரிலேவில் 10 ஆம்பியரை நாள் முழுக்க ஓட்டுவது சரியல்ல. அப்படியானால் தனியாக ஒரு பிஐடி கன்ட்ரோலரும் (வெப்பநிலையை அளந்து, எலிமென்ட்டை எவ்வளவு ஓட்ட வேண்டும் என்று கணக்கிடும் கருவி) சாலிட் ஸ்டேட் ரிலேவும் (அசையும் பாகம் இல்லாத எலக்ட்ரானிக் ரிலே) வைத்துக்கொள்ளலாம். சாலிட் ஸ்டேட் ரிலே ஒவ்வொரு ஆம்பியருக்கும் ஒரு வாட்டுக்குச் சற்று மேல் சூட்டை வெளியிடும். அதனால் 10 ஆம்பியர் சுமைக்கு 25 அல்லது 40 ஆம்பியர் ரிலேயும், அதன் அடியில் அலுமினிய ஹீட்சிங்க்கும் வேண்டும். இரண்டையும் பெட்டிக்கு வெளியே, காற்றோட்டம் உள்ள இடத்தில் வையுங்கள்.

இந்த வகை ரிலே பழுதானால் பெரும்பாலும் ‘ஆன்’ நிலையில்தான் சிக்கிக்கொள்ளும். எலிமென்ட் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் காப்பாற்றுவது பின்சுவரில் ஒட்டியிருக்கும் நாணயம் அளவுள்ள லிமிட் சுவிட்ச் மட்டுமே; சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் அது. ‘அது அடிக்கடி கட்டாகிறது, வயரைச் சேர்த்து பைபாஸ் செய்துவிட்டேன்’ என்று யாராவது சொன்னால் அந்த அறிவுரையைக் கேட்காதீர்கள். அதன் ஆம்பியர் அளவு புதிய சுமைக்குப் போதவில்லை என்றால், அதே வெப்பநிலையில் கட்டாகும் பெரிய சுவிட்ச் வாங்கி அதே இடத்தில் மாட்டுங்கள்.

படி 4: கழற்றுதல்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. ஸ்மோக்கர் முழுக்க ஆறட்டும்.

தட்டுகளையும் மரச்சில்லு பெட்டியையும் எடுத்துவிட்டு, பின்பக்க மூடியைத் திறங்கள். சில மாடல்களில் எலிமென்ட்டுக்கென்றே சின்ன மூடி இருக்கும், சிலவற்றில் முழுப் பின்தகடும் கழற்ற வேண்டும். ரிவெட் அடித்திருந்தால் டிரில் போட்டு எடுத்துவிட்டு, மூடும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடலாம். எதையும் தொடுவதற்கு முன் போனில் நான்கைந்து படம் எடுத்து வையுங்கள். எர்த் வயர் எங்கே பிடித்திருக்கிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும்.

துருப்பிடித்த ஸ்க்ரூவை முரட்டுத்தனமாகத் திருகினால் தலை உடையும். துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். வேலை முடிந்ததும் அந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த இறைச்சியில் அந்த வாசம்தான் அடிக்கும்.

படி 5: மாட்டுதல்

புதிய எலிமென்ட்டை உள்ளிருந்து நுழைத்து, திருகி, வயர்களை இணையுங்கள். எலிமென்ட்டுக்கு பிளஸ் மைனஸ் கிடையாது, இரண்டு வயரும் எந்தப் பக்கமும் போகலாம். எர்த் வயர் மட்டும் துருவில்லாத, பெயின்ட் சுரண்டிய உலோகத்தில் இறுக்கமாகப் பிடித்திருக்க வேண்டும். டெர்மினலைக் கையால் லேசாக இழுத்துப் பாருங்கள், அசையக் கூடாது.

மூடியைப் பூட்டும் முன் மீட்டரை மறுபடி எடுங்கள். எலிமென்ட்டின் இரு முனைகளுக்கு நடுவே 1200 வாட்டுக்கு உரிய அளவு வர வேண்டும்: 230 வோல்ட்டுக்கு 44 ஓம், 120க்கு 12 ஓம். ஒவ்வொரு முனைக்கும் ஸ்மோக்கர் உடலுக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. இருந்தால் கரண்ட் கொடுக்காதீர்கள், உடலில் ஷாக் அடிக்கும். வயரிங் பற்றிச் சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீஷியன் ஒருவரை அழைத்துக் காட்டுங்கள்.

படி 6: முதல் ஓட்டம்

வெளியில், இறைச்சி இல்லாமல். எலிமென்ட்டின் உள்ளே கம்பியைச் சுற்றி இருப்பது மெக்னீசியம் ஆக்சைடு பொடி. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அலமாரியில் நெடுநாள் கிடந்த எலிமென்ட் முதல்முறை கசிவு பிரேக்கரை (மின்கசிவு இருந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் பிரேக்கர்) விழவைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கசிவு பிரேக்கரை நீக்கிவிட்டு ஓட்டிப் பார்க்கும் யோசனை வேண்டாம். எலிமென்ட்டைக் கழற்றி, சமையல் ஓவனில் 120 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தி மாட்டுங்கள். அப்போதும் விழுந்தால் எலிமென்ட் பழுது.

எல்லாம் சரி என்றால் 130 டிகிரி வைத்து மூன்று மணி நேரம் ஓடவிடுங்கள். தயாரிப்பு எண்ணெய் எரிந்து முதலில் நாற்றம் வரும், பிறகு போய்விடும். அரை மணிக்கு ஒருமுறை பிளக்கையும் வயரையும் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு இணைப்புகளைச் சரிபாருங்கள். பிஐடி வைத்திருந்தால் ஆட்டோ டியூனை (அது தன் அளவுகளைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதி) இப்போதே ஓட்டிவிடுங்கள். பழைய எலிமென்ட்டுக்கு இருந்த அளவுகள் இனி பொருந்தாது.

புகையில் ஒரு மாற்றம்

பல ஸ்மோக்கர்களில் மரச்சில்லு புகைவது எலிமென்ட் எரியும் நேரத்தில்தான். வலுவான எலிமென்ட் சீக்கிரம் சூடேற்றிவிட்டு நீண்ட நேரம் அணைந்திருக்கும். அதனால் தொடக்கத்தில் புகை குபுகுபுவென்று வரும், பிறகு குறைந்துவிடும். சில நேரம் சில்லுகள் புகையாமல் தீப்பிடித்து எரியும். இறைச்சியில் கசப்பு ஏறினால் எலிமென்ட்டைக் குறை சொல்லாமல் இதைப் பாருங்கள். சில்லுகளை ஒரே அடியாக நிரப்பாமல் ஒரு கைப்பிடியாகப் போட்டு, தீர்ந்ததும் மறுபடி போடுங்கள். பொடிச் சில்லுகளுக்குப் பதில் கொஞ்சம் பெரிய துண்டுகள் மெதுவாகப் புகையும். தனியாகப் புகை உண்டாக்கும் கம்பிவலைப் பெட்டி வைத்துக்கொண்டால் எலிமென்ட் எரிகிறதா அணைகிறதா என்ற கவலையே இல்லை.

இரண்டு மூன்று சமையலுக்குப் பிறகு பின்பக்க மூடியை ஒருமுறை திறந்து டெர்மினல்களைப் பாருங்கள். நிறம் மாறியிருந்தாலோ உறை கருகியிருந்தாலோ அந்த கிளிப்பை வெட்டி எடுத்துவிட்டுப் புதியது போடுங்கள்.