தோவாளையில் பூக்கட்டும் பிள்ளைக்கு முழக்கூலி வைக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளைச் சந்தைப் பூவைக் கட்டித்தர, பள்ளி விடுமுறையில் 14 வயது நிறைந்த பிள்ளையை அமர்த்துவோர் (அதற்குக் குறைந்த வயதினரை வேலைக்கு வைப்பதைக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் தடை செய்கிறது), முழத்துக்கு இவ்வளவு என்று பேசும் முன், அந்தப் பிள்ளையையே ஒரு மணி நேரம் அவசரமின்றிக் கட்டச் சொல்லி அளந்து பார்க்க வேண்டும். கைதேர்ந்த அக்காமாரின் வேகத்தை அளவாகக் கொள்வது அநியாயம் என்றே கருதுகிறேன். பெரியவருக்கு மணிக்கு 60 ரூபாய் என்றும், பிள்ளை கட்டியது 12 முழம் என்றும் வைத்துக்கொண்டால், பிள்ளைக்கும் அதே மணிக்கூலி கிடைக்க முழத்துக்கு 5 ரூபாய் வரும். பிச்சிப்பூவுக்கும் கேந்திக்கும் (செண்டுமல்லி) தனித்தனியே அளக்கவும். நார் கிழிக்கும் நேரத்துக்கும், பூ வரும்வரை காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு. கட்டிய முழங்களைப் பிள்ளையின் நோட்டில் எழுதி, அன்றன்றே பணத்தைப் பிள்ளையின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.