‘மாநிலக் கிளை’ என்று எழுதும் முன்: அமெரிக்க ஃப்ரீமேசன் வரலாற்றில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

நம் ஊரில் லாட்ஜ் என்றால் பேருந்து நிலையத்துக்கு எதிரே ரூம் எடுக்கிற இடம். ரகசியச் சடங்குகளோடு கூடும் சகோதரத்துவச் சங்கத்தினரான ஃப்ரீமேசன்களுக்கு லாட்ஜ் என்பது கூடுகிற ஆட்கள், கட்டடம் அல்ல. மதுக்கடை மாடியில் கூடினாலும், போர் முகாமில் கூடாரத்துக்குள் கூடினாலும் அது லாட்ஜ்தான். பல லாட்ஜுகள் சேர்ந்து தங்களுக்கு மேலே ஏற்படுத்திக்கொள்ளும் அமைப்பு கிராண்ட் லாட்ஜ். லண்டனில் 1717ஆம் ஆண்டு நான்கு லாட்ஜுகள் கூடி முதல் கிராண்ட் லாட்ஜை உருவாக்கின என்பதுதான் மரபாகச் சொல்லப்படும் கதை. 1721 என்பதே சரி என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு.

இந்தியாவில் 1961 முதல் நாடு முழுவதற்கும் ஒரே கிராண்ட் லாட்ஜ். அதன் கீழே மண்டலங்கள். தெற்கு மண்டலத்துக்குச் சென்னை. இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொண்டு அமெரிக்காவைப் பார்ப்பதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. நானும் செய்தேன். ஒரு கட்டுரைக்குக் குறிப்பெடுத்தபோது, உச்சியில் ஜார்ஜ் வாஷிங்டன், கீழே மாநிலங்கள், அதற்கும் கீழே லாட்ஜுகள் என்று அழகாக ஒரு மரம் வரைந்தேன். முழுக்கத் தப்பு. ‘கிளை’ என்று சொன்னாலே ஓர் அடிமரம் இருப்பதாகிவிடுகிறது. அமெரிக்காவில் அடிமரமே கிடையாது. 50 மாநிலங்களுக்கும் தலைநகர் வாஷிங்டனுக்குமாக 51 கிராண்ட் லாட்ஜுகள் (பின்னால் சொல்லப்போகும் கறுப்பினத்தவரின் அமைப்புகள் தனி). ஒவ்வொன்றும் தனி அரசு மாதிரி. ஒன்று இன்னொன்றுக்குக் கட்டளையிட முடியாது. ஒன்றையொன்று அங்கீகரிக்கலாம், அல்லது உறவை முறித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

தேசிய அளவில் ஒரு தலைவரை வைக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. 1779 டிசம்பரில் மாரிஸ்டவுன் ராணுவ முகாமில் கூடிய லாட்ஜ் ஒன்று அந்த யோசனையைக் கிளப்பியது. அடுத்த மாதமே பென்சில்வேனியா வாஷிங்டனின் பெயரை முன்மொழிந்தது. மாசசூசெட்ஸ் இப்போது வேண்டாம் என்று தள்ளிப்போட்டது. யோசனை அப்படியே படுத்துவிட்டது. ஆகவே வாஷிங்டன் எந்தக் காலத்திலும் கிராண்ட் மாஸ்டர், அதாவது ஒரு கிராண்ட் லாட்ஜின் தலைவர், அல்ல. 1752இல் ஃபிரெடெரிக்ஸ்பர்க்கில் உறுப்பினராகச் சேர்ந்தார். 1788இல் அலெக்சாண்ட்ரியா லாட்ஜின் தலைவரானார். 1793 செப்டம்பர் 18 அன்று நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோதும் சடங்கை நடத்தியது மேரிலாந்து கிராண்ட் லாட்ஜ். அந்த வேலையைச் செய்யத் தேசிய அமைப்பு எதுவும் இருக்கவில்லை.

அடுத்த தவறு, மாநிலம் உருவான ஆண்டையே கிராண்ட் லாட்ஜ் பிறந்த ஆண்டாகப் போடுவது. இதை உடைக்க டெக்சாஸ் கதை ஒன்றே போதும். 1835இல், டெக்சாஸ் இன்னும் மெக்சிகோவின் பகுதியாக இருந்தபோது, பிரசோரியா ஊருக்குப் பின்னால் இருந்த மரத்தோப்பில் ஆறு பேர் ரகசியமாகக் கூடி லூசியானா கிராண்ட் லாட்ஜிடம் அனுமதி கேட்டார்கள். வந்த அனுமதியில் ஹாலண்ட் லாட்ஜ், எண் 36 என்று இருந்தது. லூசியானாவின் கிராண்ட் மாஸ்டர் பெயரையே வைத்திருந்தார்கள். சில மாதங்களில் மெக்சிகோவுக்கு எதிரான விடுதலைப் போர் வந்தது, லாட்ஜ் மூடப்பட்டது. நிரந்தர சாசனம் வந்து சேர்ந்ததோ 1836 ஏப்ரலில், சான் ஹசிந்தோ சண்டைக்குச் சற்று முன்னால், புல்வெளியில் படையோடு போய்க்கொண்டிருந்த ஆன்சன் ஜோன்ஸ் கையில். அந்த ஆறு பேரில் ஒருவர் அவர். அவர் அதைக் குதிரைச் சேணப்பையில் போட்டுக்கொண்டு போருக்குப் போனார். 1837 டிசம்பர் 20 அன்று ஹூஸ்டன் நகரில் மூன்று லாட்ஜுகளின் பிரதிநிதிகள் கூடினார்கள். கூட்டத்துக்குத் தலைமை சாம் ஹூஸ்டன். அன்று டெக்சாஸ் குடியரசின் அதிபரும் அவரே. ஆன்சன் ஜோன்ஸ் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். பிற்பாடு அந்தக் குடியரசின் கடைசி அதிபரும் ஆனார். டெக்சாஸ் அமெரிக்காவோடு இணைந்தது 1845 கடைசியில். அதாவது இது மாநில அமைப்பாகப் பிறக்கவே இல்லை. ஒரு தனி நாட்டின் அமைப்பாகப் பிறந்து, நாடு மாநிலமானபோது கூடவே மாறிக்கொண்டது.

இந்தக் கதையில் இயக்கத்தின் நடைமுறையும் இருக்கிறது. புதிய பகுதிக்குப் போனவர்கள் பழைய மாநிலத்திடம் சாசனம் வாங்கி லாட்ஜ் தொடங்குவார்கள். வேறு வேறு மாநிலங்களிடம் சாசனம் பெற்ற லாட்ஜுகள் சில சேர்ந்ததும், அவையே கூடிப் புதிய கிராண்ட் லாட்ஜை அமைக்கும். கீழிருந்து மேலே. கலிஃபோர்னியாவில் 1850 ஏப்ரலில் கூடியவற்றில் தலைநகர் வாஷிங்டனிடமும், கனெக்டிகட்டிடமும், மிசூரியிடமும் சாசனம் வாங்கிய லாட்ஜுகள் இருந்தன. கலிஃபோர்னியா மாநிலம் ஆனது செப்டம்பரில்தான். ஓக்லஹோமாவில் இரண்டு கிராண்ட் லாட்ஜுகள் இருந்தன, செவ்விந்தியர் பகுதிக்கு ஒன்று, ஓக்லஹோமா பகுதிக்கு ஒன்று. 1907இல் மாநிலம் உருவான பிறகு, 1909இல்தான் அவை இணைந்தன.

லாட்ஜ் எண்களை நம்பி ஏமாறுவதும் இதனோடு ஒட்டியதுதான். ஹாலண்ட் லாட்ஜ் லூசியானாவிடம் 36, டெக்சாஸில் 1. அலெக்சாண்ட்ரியா லாட்ஜ் பென்சில்வேனியாவிடம் 39, வர்ஜீனியாவிடம் 22. ஆள் மாறவில்லை, எண்தான் மாறியது. பழைய பதிவேட்டில் இரண்டு எண்களைப் பார்த்ததும் இரண்டு லாட்ஜ் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள்.

‘மிகப் பழமையானது எது’ என்ற சண்டைக்குள் போகிறவர்கள் எதைப் பழமை என்கிறோம் என்று முதலில் தீர்மானித்துக்கொள்வது நல்லது. ஃபிலடெல்ஃபியா லாட்ஜ் ஒன்றின் கணக்குப் புத்தகம் 1731இல் தொடங்குகிறது. பாஸ்டனில் ஹென்றி பிரைஸ் லண்டனின் நியமனத்தோடு 1733இல் அமைப்பைத் தொடங்கினார். வர்ஜீனியா 1778இல் தனித்து நின்று தனக்கென்று ஜான் பிளேரைக் கிராண்ட் மாஸ்டராகத் தேர்ந்தெடுத்தது. மூன்று ஊர்க்காரர்களும் முதலிடம் கேட்கிறார்கள். மூவர் சொல்வதும் அவரவர் அளவுகோலில் சரி.

மாநிலத்துக்கு ஒரு கிராண்ட் லாட்ஜ் என்பதும் எப்போதும் உண்மையாக இருந்ததில்லை. இங்கிலாந்திலேயே 1751 முதல் 1813 வரை இரண்டு போட்டி அமைப்புகள் இருந்தன. அந்தப் பிளவு கப்பலேறி அமெரிக்காவுக்கும் போனது. மாசசூசெட்ஸில் இரு தரப்பும் 1792இல் சேர்ந்தன, தென் கரோலினாவில் 1817 வரை இழுத்தது. நியூயார்க்கிலோ 1823 முதல் 1827 வரை நகரத்துக்காரர்களும் நாட்டுப்புறத்துக்காரர்களும் தனித்தனி கிராண்ட் லாட்ஜ் நடத்தினார்கள். 1825ஆம் ஆண்டு ஆவணத்தில் ‘நியூயார்க் கிராண்ட் லாட்ஜ்’ என்று பார்த்தால், எது என்று கேட்காமல் மேலே போகக்கூடாது.

மற்றவை தகவல் பிழைகள். இனி சொல்லப்போவது அநியாயம். பிரின்ஸ் ஹால் என்பவர் தொடங்கிவைத்த கறுப்பின அமெரிக்கர்களின் ஃப்ரீமேசன் மரபைப் ‘பிரிந்து போன குழு’ என்றோ ‘பின்னால் வந்த நகல்’ என்றோ எழுதுகிறார்கள். தேதிகளைப் பாருங்கள். பாஸ்டனில் பிரின்ஸ் ஹாலும் மற்ற 14 பேரும் 1775 மார்ச் 6 அன்று, பிரிட்டிஷ் படையோடு வந்திருந்த அயர்லாந்துச் சாசனம் பெற்ற லாட்ஜில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய ஆப்பிரிக்க லாட்ஜுக்கு இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் கொடுத்த சாசனத்தின் தேதி 1784 செப்டம்பர் 29, எண் 459. அது பாஸ்டன் வந்து சேர 1787 ஆகிவிட்டது. இங்கிலாந்து 1813இல் பட்டியலைத் திருத்தியபோது அந்த லாட்ஜை விட்டுவிட்டது. 1827இல் அவர்கள் தாங்களே சுதந்திரத்தை அறிவித்தார்கள். வர்ஜீனியாவும் மாசசூசெட்ஸின் ஒரு தரப்பும் சுதந்திரப் போர்க் காலத்தில் செய்ததும் இதையேதான். அவர்களுக்கு ‘சுதந்திரம்’, இவர்களுக்கு மட்டும் ‘பிளவு’ என்றால் எப்படி?

வெள்ளையர் கிராண்ட் லாட்ஜுகள் அங்கீகரிக்க எடுத்துக்கொண்ட காலம், தேசியத் தலைமை இல்லாததன் விளைவை நன்றாகக் காட்டுகிறது. 1898இல் வாஷிங்டன் மாநிலம் ஓரடி எடுத்து வைத்தது. மற்ற மாநிலங்கள் பல உறவை முறித்தன, அது பின்வாங்கியது. 1947இல் மாசசூசெட்ஸ் முயன்று 1949இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. நிலைத்து நின்ற அங்கீகாரம் 1989இல் கனெக்டிகட்டில்தான் வந்தது. இங்கிலாந்து 1994இல் மாசசூசெட்ஸின் பிரின்ஸ் ஹால் கிராண்ட் லாட்ஜை ஏற்றது. 1989க்குப் பின் பெரும்பாலான மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டன, தெற்கில் மிகத் தாமதமாக. ‘ஃப்ரீமேசன்கள் இந்த ஆண்டு அங்கீகரித்தார்கள்’ என்று ஒரே வரியில் எழுத வழியே இல்லை. எந்த மாநிலம் என்று சொல்லியாக வேண்டும்.

சின்னச் சின்னத் தவறுகள் சில. எல்லாவற்றுக்கும் மேலானது என்று பேசப்படும் 33ஆவது பட்டம் ஸ்காட்டிஷ் ரைட் என்ற துணை அமைப்பினுடையது. அது 1801இல் சார்ல்ஸ்டனில் தொடங்கியது. அதைப் பெற்றவர் மாநிலக் கிராண்ட் மாஸ்டருக்கு மேலதிகாரி ஆகிவிடுவதில்லை. அப்புறம், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட எல்லோரும் ஃப்ரீமேசன்கள் என்ற வாட்ஸ்அப் வரலாறு. 56 பேரில் உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் சுமார் 9 பேர். தாமஸ் ஜெஃபர்சன் சேர்ந்ததற்கு ஆவணமே இல்லை.

தொடர்ச்சி விஷயத்திலும் கவனம் வேண்டும். 1826இல் நியூயார்க் மாநிலத்தின் படேவியாவில், ஃப்ரீமேசன் ரகசியங்களை அச்சிடப்போவதாகச் சொன்ன வில்லியம் மார்கன் காணாமல் போனார். அந்தக் கோபத்திலிருந்து ஓர் அரசியல் கட்சியே பிறந்தது. 1832 அதிபர் தேர்தலில் அது வெர்மான்ட் மாநிலத்தை வென்றது. பல மாநிலங்களில் லாட்ஜுகள் மூடப்பட்டன. 1826இல் தொடங்கிய மிச்சிகன் கிராண்ட் லாட்ஜ் 1829இல் நின்றுபோய், 1840களில்தான் மறுபடி எழுந்தது. நினைவுமலர்கள் இந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்துவிடும். ஆண்டு வாரியான கூட்டக் குறிப்புகளைப் பார்த்தால்தான் தெரியும்.

ஹவாயில் முதல் லாட்ஜ் 1843இல் பிரெஞ்சுச் சாசனத்தோடு வந்தது. 1852இல் கலிஃபோர்னியாவின் லாட்ஜ் வந்தது. கலகாவா மன்னரும் ஓர் உறுப்பினர். 1959இல் ஹவாய் மாநிலமானது. தனி கிராண்ட் லாட்ஜ் வர இன்னும் 30 ஆண்டு, 1989 ஆனது. ஆகவே 1970களின் ஹொனலூலு லாட்ஜ் எதையாவது தேடுகிறவர்கள் கேட்க வேண்டிய இடம் கலிஃபோர்னியா கிராண்ட் லாட்ஜ். அதே காலத்து அலாஸ்காவுக்கு வாஷிங்டன் மாநிலம். அலாஸ்கா தனியானது 1981இல்.