கம்பளி நூலில் ஒரு சாம்ப்ளர்: 19ஆம் நூற்றாண்டு முறையில் தைத்துப் பழகலாம்

ஆங்கில எழுத்துகள், எண்கள், ஒரு வீடு, இரண்டு மரங்கள், கடைசியில் தைத்த சிறுமியின் பெயரும் வயதும் ஆண்டும். இப்படித் தைத்த துணிக்குச் சாம்ப்ளர் என்று பெயர். 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் பள்ளிச் சிறுமிகள் இதைத் தைத்தார்கள். வேல்ஸில் கம்பளி நூலால் தைத்தவை நிறைய உண்டு. படுக்கை விரிப்பிலும் துவாலையிலும் உரியவரின் முதலெழுத்தையும் எண்ணையும் குறுக்குத் தையலில் (× வடிவத் தையல்) போடுவது அன்றைய வழக்கம். வீட்டு வேலைக்குப் போகவிருந்த பெண்ணுக்கு அந்த எழுத்துகள் பிழைப்புக்கான கல்வி.

தேவையானவை: அங்குலத்துக்குப் பத்துத் துளை உள்ள கேன்வாஸ் (துளைத்துளையாக நெய்த கெட்டித் துணி) 11 அங்குலம் × 12 அங்குலம், முனை மழுங்கிய ஊசி, கம்பளி நூல். ஓரத்தில் நான்கு தையல் போட்டுப் பாருங்கள். கேன்வாஸ் இடையில் தெரிந்தால் நூல் மெலிது. துளைகள் விரிந்தால் தடிமன்.

நிறத்தைக் காலத்துக்கு ஏற்பத் தேர்ந்தெடுங்கள். 1856இல் ஆங்கில வேதியியலாளர் வில்லியம் பெர்க்கின் செயற்கை ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். அதன் பிறகே கண்ணைப் பறிக்கும் ஊதாவும் மெஜந்தாவும் வந்தன. எனக்குப் பிடித்தவை அதற்கு முந்தைய அவுரி நீலம், மங்கிய சிவப்பு, பாசிப் பச்சை.

இனித் தையல். நான்கு துளைகளுக்கு நடுவே இழைகள் சந்திக்கும் இடம் ஒரு கட்டம். முழ நீள நூல் போதும். நீண்டால் துளையில் உரசி நைந்துவிடும். முடிச்சுப் போடாதீர்கள். ஓர் அங்குல நூலைப் பின்புறம் விட்டு, அடுத்தடுத்த தையல்களுக்கு அடியில் சிக்கவையுங்கள். இடது கீழ்த் துளையில் ஊசியை மேலே எடுத்து, வலது மேல் துளையில் இறக்குங்கள். வரிசை முழுவதும் இப்படி அரைத் தையலாகப் போய், திரும்பி வரும்போது வலது கீழிருந்து இடது மேலுக்குக் குறுக்கே போடுங்கள்.

மேலே கிடக்கும் இழை எல்லாக் கட்டத்திலும் ஒரே பக்கம் சாய வேண்டும். என் முதல் சாம்ப்ளரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றிச் சாய்த்துவிட்டேன். அதே சிவப்பு நூல்தான். ஆனால் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோது அந்த எழுத்து மட்டும் வெளிறித் தெரிந்தது. பிரித்துத் தைத்த பிறகுதான் மனம் ஆறியது.

‘டி’ எழுத்தில் கை பழகுங்கள்: மேலே ஐந்து குறுக்குத் தையல், நடுத் தையலிலிருந்து கீழே ஆறு. மற்ற எழுத்துகளும் ஏழு கட்ட உயரம், ஐந்து கட்ட அகலம். ‘எம்’, ‘டபிள்யூ’ மட்டும் ஏழு கட்ட அகலம். எழுத்துகளுக்கு நடுவே ஒரு கட்டம் விடுங்கள். வரிசைக்கு ஒன்பது எழுத்தாக மூன்று வரிசைகளில் 26 எழுத்தும் அடங்கும். அடுத்து 1 முதல் 9 வரை எண்கள்.

வீட்டையும் மரங்களையும் கட்டத்தாளில் வரைந்துகொண்டு, நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் எண்ணித் தையுங்கள். சுற்றுக்கரை கடைசியில். முதலிலேயே போட்டு, ஒரு கட்டம் எண்ணத் தவறினால் மூலையில் பொருந்தாது.

அடியில் உங்கள் பெயர், வயது, ஆண்டு. தமிழில் என்றால் கொம்புக்கும் சுழிக்கும் ஏழு கட்ட உயரம் போதாது, குறைந்தது ஒன்பது கட்டம் வேண்டும். பழைய பாணியில் தைத்தாலும் இந்த ஆண்டையே போடுங்கள். நாளை எடுத்துப் பார்ப்பவரை நம் துணி ஏமாற்றக் கூடாது.